கண்ட்ரோல் ரூம் இணைப்பில், எழுதி வைக்காதது எதுவும் உங்களோடு வராது

இங்கிலாந்தில் ஒரு தீயணைப்புத் துறையின் கண்ட்ரோல் ரூமில் பல வருடமாக 999 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்து வந்தேன். ஒரு நாள் எங்கள் அறையை மூடிவிட்டு, பக்கத்து மாவட்டங்களின் அறைகளோடு சேர்த்து, எல்லாருக்கும் பொதுவான ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்கள். ஆட்களும் அதோடு மாற்றப்பட்டோம். அந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிட்டத்தட்ட 4,000 பவுண்டு கையை விட்டுப் போனது. தூக்கமும் நிம்மதியும் போனதற்குக் கணக்கே இல்லை. எங்கள் வாட்சில், அதாவது ஒரே ஷிஃப்டில் சேர்ந்து வேலை பார்க்கும் குழுவில், பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள், மற்றவர்கள் ஓய்வு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குழுவிலிருந்து புது இடத்துக்குப் போனது நான் ஒருத்திதான். யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். இங்கே நம்மவர்கள் கவுன்சில், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் அலுவலகம் என்று எத்தனையோ இடங்களில் வேலை பார்க்கிறார்கள். வேலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது பெரும்பாலும் எங்களுக்கு வந்த டியூப்பி என்ற அதே சட்டம்தான் வரும். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றி. நீங்கள் 999 அடித்தால் முதலில் பேசுவது பிடி (BT) என்ற டெலிபோன் நிறுவனத்தின் ஆபரேட்டர். எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு, தீ என்றால் எங்களிடம் இணைப்பார். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி எங்கே என்பதுதான். என்ன எரிகிறது, யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். இடம் தெரிந்தால் போதும், அழைத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை அனுப்பிவிடலாம். புகைக்குள் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் வீரர்கள் அவரை நெருங்கும்வரை போனை வைக்க மாட்டோம். கதவிடுக்கில் துணியை அடை, தரையோடு தரையாக இரு, ஜன்னல் பக்கம் போ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நான்கு வாட்ச். இரண்டு பகல், இரண்டு இரவு, நான்கு நாள் ஓய்வு. ஒரே வாட்சில் பல வருடம் உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் குரல் மாறுவதை வைத்தே பெரிய அழைப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அறைகளை இணைப்பதே தவறு என்று நான் நினைக்கவில்லை. எங்களுடையது போன்ற சிறிய அறையில் இரவில் மூன்று நான்கு பேர்தான் இருப்போம். பெரிய தீ ஒன்று பிடித்தால் அதைப் பார்த்த அத்தனை பேரும் போன் செய்வார்கள், அழைப்புகள் வரிசை கட்டி நிற்கும். கம்ப்யூட்டர் அமைப்பின் செலவை மூன்று துறைகள் பங்கிட்டால் நல்ல அமைப்பாகவும் வாங்கலாம். ஆனால் இந்த நாட்டில் இதை மேலிருந்து திணித்துப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. 2004ல் தொடங்கிய ஃபயர்கண்ட்ரோல் என்ற திட்டத்தில், இங்கிலாந்து முழுக்க இருந்த 46 கண்ட்ரோல் ரூம்களை 9 வட்டார மையங்களாகச் சுருக்க நினைத்தார்கள். கட்டடங்கள் எழுந்தன, கம்ப்யூட்டர் அமைப்பு மட்டும் வரவே இல்லை. 2010 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். குறைந்தது 469 மில்லியன் பவுண்டு வீண் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2011ல் கணக்குச் சொன்னது. காலியாக வாடகை தின்றுகொண்டிருந்த அந்தக் கட்டடங்களில் வாரிங்டனில் இருந்ததை எடுத்துக்கொண்டுதான் செஷயர், கம்ப்ரியா, கிரேட்டர் மான்செஸ்டர், லங்காஷயர் நான்கும் சேர்ந்து 2014ல் பொதுவான கண்ட்ரோல் ரூமைத் தொடங்கின. அதன் பிறகு அரசு கட்டாயப்படுத்தவில்லை. துறைகள் தாங்களாகவே இரண்டு மூன்றாகக் கூடிக்கொள்கின்றன. எங்களுக்கு நடந்ததும் அப்படித்தான்.

அறிவிப்புக் கூட்டத்தில் எல்லாரும் சொன்ன வார்த்தை டியூப்பி. 2006ல் வந்த விதிமுறைகளின் சுருக்கப் பெயர் அது. வேலை ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால், அந்த வேலையைச் செய்பவர்களும் அதே சம்பளம், அதே நிபந்தனைகள், அதே பணிக்காலத்தோடு தானாக மாறுவார்கள் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நன்றாக இருக்கும். நானும் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். (இரண்டு அரசு அமைப்புகளுக்கு இடையில் நிர்வாகப் பணி மட்டும் கைமாறினால் இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாமல், அதே முறையைப் பின்பற்றுவதாக மட்டும் சொல்லலாம். அதனால் "இது டியூப்பியா, டியூப்பி மாதிரியா?" என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.)

முதல் அதிர்ச்சி எங்கள் வாட்சில் மூத்த அக்கா ஒருத்திக்கு வந்தது. வெள்ளைக்காரப் பெண்மணிதான், ஆனால் நான் மனசுக்குள் அவரை அக்கா என்றுதான் வைத்திருந்தேன். ஓய்வுக்குச் சில வருடமே இருந்தது. "நான் அவ்வளவு தூரம் வர மாட்டேன், எனக்குப் பணிநீக்க நஷ்டஈடு கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையில் வைத்திருந்தார். யூனியன் ஆள் அதைப் படித்துவிட்டுப் பதறிப்போய்ப் பிடுங்கினார். காரணம் இதுதான்: மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், மாற்ற நாளன்று உங்கள் வேலை முடிந்துவிடும். ஆனால் சட்டம் அதைப் பணிநீக்கமாகக் கருதாது. பொதுவாக நஷ்டஈடு ஒரு பென்னிகூடக் கிடைக்காது. இடம் மாறுவதால் உங்களுக்கு உண்மையிலேயே பெரிய பாதகம் என்றால் அதை வாதாட வேறு வழி இருக்கிறது. வேலை பார்க்கும் இடம் மூடப்படுவது ஆட்குறைப்புக்கான காரணமாகவும் ஆகலாம். அதற்கெல்லாம் வார்த்தைகளைப் பார்த்து எழுத வேண்டும். யூனியனோ வக்கீலோ படித்துப் பார்க்காமல் "வர மாட்டேன்" என்ற வார்த்தையைக் காகிதத்தில் எழுதவே எழுதாதீர்கள். அக்கா அதன் பிறகு முறையாகப் பேசி நஷ்டஈட்டோடுதான் வெளியே போனார்.

அடுத்தது என் கதை. மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். வீட்டுக்காரர் காலை ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் என் இரவு ஷிஃப்டைக் காலை ஏழு மணிக்கு முடித்துக்கொண்டு, அந்த நேரத்தை வார இறுதியில் ஈடுகட்டுவதாக எங்கள் பழைய மேலாளரோடு ஓர் ஏற்பாடு இருந்தது. நான் கேட்டதும் அவர் சம்மதித்ததும் மின்னஞ்சலில்தான். பல வருடமாக அப்படியே ஓடியது. கால் மணி நேரத்தில் வீடு, மகளுக்குத் தலை பின்னி, சாப்பாடு கொடுத்து, பள்ளியில் விட்டுவிட்டுத் தூங்கப் போவேன். புது நிறுவனத்திலிருந்து வந்த முதல் ரோஸ்டரில் என் பெயருக்கு எதிரே எல்லாரையும் போல முழு ஷிஃப்ட் போட்டிருந்தது. என்னவென்று கேட்டால், உங்களைப் பற்றி எங்களுக்கு வந்த தகவலில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை என்றார்கள். சரி, மின்னஞ்சலைக் காட்டுகிறேன் என்று பழைய கணக்கைத் திறக்கப் போனால், மாற்ற நாளன்று நள்ளிரவோடு பழைய துறையின் கணக்குகள் எல்லாம் மூடப்பட்டிருந்தன. அந்தக் கணம் எனக்குக் கை கால் ஓடவில்லை. வருடக்கணக்காக நான் வாழ்ந்த ஒரு ஏற்பாட்டுக்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இங்கேதான் அடிபடுகிறது. பழைய முதலாளி, மாறப்போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் புது முதலாளிக்கு ஒரு தகவல் தொகுப்பைக் கொடுக்க வேண்டும். வயது, வேலை நிபந்தனைகள், கடந்த இரண்டு வருட ஒழுங்கு நடவடிக்கைகளும் முறையீடுகளும், பொருந்தும் கூட்டு ஒப்பந்தங்கள் இதெல்லாம் அதில் இருக்கும். மாற்றத்துக்குக் குறைந்தது 28 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். அதை உங்களிடம் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டால் பல இடங்களில் காட்டுவார்கள். கேளுங்கள். உங்கள் ஷிஃப்ட் ஏற்பாடு, இரவுப்படி, உடல்நலக் காரணத்துக்காகக் கொடுத்த நாற்காலி வரைக்கும் அதில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். விட்டுப்போனதை மாற்றத்துக்கு முன்பே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டப்படி அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டாலும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு ஏற்பாடுதான், புது முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஆகவே உங்களைப் பற்றிய மின்னஞ்சல்கள், பழைய ரோஸ்டர்கள், சம்பளச் சீட்டுகள், பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் கணக்கு உயிரோடு இருக்கும்போதே அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களின் விவரம் இருக்கும் எதையும் எடுத்துப் போகக் கூடாது, உங்களுடைய காகிதம் மட்டும்.

என் மின்னஞ்சல் கடைசியில் கிடைத்தது. என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவலைக் கொடுங்கள் என்று பழைய துறைக்கு எழுதினேன். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குக் கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்கும்போது "என்னைப் பற்றிய எல்லாம்" என்று எழுதாமல், எந்த வருடம், யாருக்கும் யாருக்கும் நடந்த கடிதம், எதைப் பற்றியது என்று குறிப்பாக எழுதினால் சீக்கிரம் தேடிக் கொடுப்பார்கள்.

அந்த இடைவெளியில்தான் பணம் கரைந்தது. காலையில் மகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவுக்குக் காசு, பகல் ஷிஃப்ட் நாட்களில் பள்ளி விட்ட பிறகு மாலை வகுப்புக்குக் காசு. பெட்ரோல் இன்னொரு பக்கம். கால் மணி நேரப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூரம் கூடியதற்காகக் கூடுதல் மைலேஜ் தருவார்கள் என்று கூட்டத்தில் சொன்னது உண்மைதான், தந்தார்கள். ஆனால் புது அலுவலகம் உங்கள் நிரந்தர அலுவலகம் என்பதால், வீட்டிலிருந்து அங்கே போய்வரத் தரும் பணத்தைச் சம்பளம் போலவே கணக்கில் எடுத்து வருமான வரியும் தேசியக் காப்பீடும் பிடிப்பார்கள். கையில் வந்தது நான் மனக்கணக்குப் போட்டதைவிட நிறையக் குறைவு. அதுவும் சில வருடம்தான், பிறகு நின்றுவிடும். எத்தனை வருடம், ஒரு மைலுக்கு எவ்வளவு, வரி போகக் கையில் எவ்வளவு, வீடு மாறினால் என்னாகும் என்று நான்கையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பழைய ஒப்பந்தத்தில் "மாவட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும்" வேலை செய்யச் சொல்லலாம் என்று ஒரு வரி இருக்கலாம். அது பழைய மாவட்டத்தைத்தான் குறிக்கும். புது நிறுவனம் அதை நீட்டி மூன்று மாவட்டத்துக்கும் பொருத்த முடியாது.

பென்ஷனும் சம்பள உயர்வும் கொஞ்சம் சிக்கலானவை, பொறுமையாகப் படியுங்கள். தீயணைப்பு வீரர்களுக்குத் தனி பென்ஷன் திட்டம். கண்ட்ரோல் ரூமில் இருக்கும் நாங்கள் உள்ளாட்சி ஊழியர்களின் பென்ஷன் திட்டத்தில் இருக்கிறோம். டியூப்பி என்றால் எல்லாம் அப்படியே வரும் என்று சொன்னேனே, வேலையிடத்துப் பென்ஷன் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது. உள்ளாட்சி, தீயணைப்புத் துறை ஊழியர்களுக்கு வேறு உத்தரவுகள் துணைக்கு இருக்கின்றன. ஆனாலும் புது நிறுவனம் அதே திட்டத்தில் சேர ஏற்பாடு செய்துவிட்டதா, மாற்ற நாளுக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். எங்களுக்கு அது ஒழுங்காகவே நடந்தது. முதல் சம்பளச் சீட்டில் பென்ஷன் பிடித்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அமைதியானேன். சம்பள விஷயம் வேறு. கண்ட்ரோல் ஊழியர்களின் சம்பளம் வீரர்களின் சம்பளத்தில் 95 சதவீதம் என்பது தேசிய அளவில் பேசி முடித்த ஒப்பந்தம், கிரே புக் என்பார்கள். மாறும் நாளில் இருக்கும் கிரே புக் நிபந்தனைகள் உங்களோடு வரும். அதற்குப் பிறகு தேசிய அளவில் பேசி முடிக்கும் உயர்வுகள், புது நிறுவனம் அந்தப் பேச்சுவார்த்தையில் பங்கில்லாத தனி நிறுவனமாக இருந்தால், தானாக வராது. இதை யாரும் எங்களுக்கு மேடையில் சொல்லவில்லை. "இனி வரும் உயர்வுகளையும் கொடுப்போம்" என்ற வரியை யூனியன் போராடித்தான் எழுதி வாங்கியது. மாற்றத்தால் என்னென்ன செய்ய உத்தேசம் என்று புது முதலாளி சொல்லி அனுப்பும் கடிதம் ஒன்று வரும், மெஷர்ஸ் லெட்டர் என்பார்கள். வழவழ கொழகொழ என்று இருக்கும். அதில் "மாற்றம் எதுவும் உத்தேசமில்லை" என்று எழுதிவிட்டு ரோஸ்டரை மாற்றினால் அந்தக் கடிதமே உங்களுக்கு ஆயுதம். பத்திரப்படுத்துங்கள். முறையாகத் தகவல் சொல்லவோ கலந்து பேசவோ தவறினால், ஒருவருக்கு 13 வாரச் சம்பளம்வரை கொடுக்கச் சொல்லி வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

இதெல்லாம் என் பாடு. ஊர்க்காரர்கள் பாடு ஒன்று இருக்கிறது, என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். எங்கள் பழைய அறையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. ஓரமெல்லாம் காபிக் கறை, பக்கங்கள் டேப் ஒட்டி நிற்கும். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்களை ஒவ்வொரு வாட்சும் அதில் எழுதி வைக்கும். வரைபடத்தில் வெறும் எண்ணாக இருக்கும் ரவுண்டானாவை, எப்போதோ மூடிப்போன டயர் கடையின் பெயரால் சொல்வார்கள். இல்லாத பப்பின் பெயரில் ஒரு முக்கு. "பழைய லாண்டிரிக்குப் பின்னால்" என்றால் எங்களுக்குப் புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. இப்போதெல்லாம் மொபைலிலிருந்து இடம் தானாக வந்துவிடுமே என்று சொல்வார்கள். வருகிறது, அது பெரிய வரம்தான். ஆனால் அது போன் இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். மோட்டார்வேயில் போகிறவர் மலைச்சரிவில் புகையைப் பார்த்துவிட்டு அழைத்தால் தீ எங்கோ இருக்கும், போன் எங்கோ இருக்கும். மூன்று மாவட்டத்தைச் சேர்த்ததும் சர்ச் லேன் என்ற பெயரில் மட்டும் திரையில் ஒரு நீளமான பட்டியல் வரும். அழைத்தவருக்கோ உலகத்தில் ஒரே ஒரு சர்ச் லேன்தான்.

இணைக்கும் அவசரத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. 2013ல் எட்டுப் போலீஸ் படைகளை ஒன்றாக்கிய பிறகு, அங்கே கண்ட்ரோல் ரூம்களையும் ஒவ்வொன்றாக மூடி வேலையைப் பெரிய மையங்களுக்குத் தள்ளினார்கள். 2015 ஜூலையில் ஸ்டெர்லிங் பக்கத்தில் எம்9 சாலையை விட்டு ஒரு கார் கீழே விழுந்தது. பார்த்தவர் போன் செய்தார். பில்ஸ்டன் கிளென் மையத்தில் அதைக் கையால் குறித்துக்கொண்டார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. மூன்று நாள் யாரும் போகவில்லை. காரில் இருந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிழைக்கவில்லை; அந்தப் பெண் மூன்று நாளும் உள்ளே உயிரோடு கிடந்திருக்கிறார். 2021ல் போலீஸ் ஸ்காட்லாந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. புது அறையில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்த இரவுகளில் எனக்கு இந்த நினைப்பு வந்துகொண்டே இருக்கும். முகவரியை வாய்விட்டு வாசித்து, அழைத்தவரிடம் திரும்பக் கேட்டு, அதற்கப்புறம்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

நோட்டைப் பற்றி நான் கேட்டபோது, முகவரிப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, அது தேவைப்படாது என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய மேலாளரிடம் அனுமதி வாங்கி, நோட்டில் இருந்த பெயர்களைச் சரியான முகவரியோடு ஒரு விரிதாளில் அடித்து, மாற்றத்துக்கு முன்பே புது நிறுவனத்தின் வரைபடப் பிரிவுக்கு முறையாக அனுப்பச் செய்தேன். அது அங்கே எங்கோ தூங்கியது. புது அறை தொடங்கிச் சில வாரத்தில், பக்கத்து மேசையில் வேறு மாவட்டத்துப் பையன் ஒருவன் பழைய லாண்டிரி, பழைய லாண்டிரி என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் திரையில் வந்ததோ இன்னொரு மாவட்டத்தில் இருக்கும் ஒரு லாண்டிரி. நான் எட்டிப் பார்த்துச் சரியான தெருவைச் சொன்னேன், வண்டி அங்கே போனது. அடுக்குமாடிக் குப்பைத் தொட்டி அறையில் தீ, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் மேலாளரே வந்து அந்த விரிதாள் எங்கே என்று கேட்டார். இப்போது அந்தப் பெயர்களை அடித்தால் திரையில் இடம் வருகிறது. உங்கள் அறை மூடப்படப் போகிறது என்றால் இந்த வேலையை அறிவிப்பு வந்த வாரமே தொடங்குங்கள். ஓய்வு பெறப் போகிறவர்களை முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள், அவர்கள் தலையில் இருப்பதுதான் முதலில் வெளியே போகும். அனுப்பினோம் என்று விடாமல், ஏற்றியாகிவிட்டதா என்று புது அமைப்பில் நீங்களே ஒரு பெயரை அடித்துப் பாருங்கள்.

என் ஷிஃப்ட் விவகாரம் முடிய மாதங்கள் ஆயின. மின்னஞ்சல் கைக்கு வந்ததும் முறையீடு எழுதினேன். முதல் பதில் முடியாது என்றுதான் வந்தது. தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன், வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (ACAS) அமைப்பிடம் பதிய வேண்டும், செலவில்லை. பெரும்பாலான புகார்களுக்கு நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதுதான் எனக்கு அப்போது சொல்லப்பட்ட கெடு. உள்ளே முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. இந்தக் கெடுவைச் சட்டத்தில் மாற்றுகிறார்கள், அதனால் உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று ஏகாஸிடமே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஏகாஸில் பதிந்த பிறகு புது நிறுவனத்தின் குரல் மாறியது. தூரத்தையும் கணக்கில் எடுத்து, மாலையில் முன்னதாகத் தொடங்கி காலை ஆறு மணிக்கு முடியும் இரவு ஷிஃப்டாக எழுதிக் கொடுத்தார்கள். மகளுக்காகச் செலவழித்த பணத்தில் ஒரு பகுதியையும் கொடுத்தார்கள், மீதி போனது போனதுதான். இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன், இதை ஒப்பந்தத்தின் திருத்தமாகவே எழுதித் தரச் சொன்னேன். அதில் ஒரு பிரதி வீட்டுப் பீரோவில் இருக்கிறது, ஒன்று யூனியன் அலுவலகத்தில் இருக்கிறது.